தாய் தகப்பன் கையெழுத்து

மார்ச் 11, புதன்

மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றான். அவனுடைய நாளை எனக்குத் தெரியும். தெருக்குழாயில் நானே குடம் பிடித்தேன். வாணி வாசலில் சும்மா நின்றிருந்தாள். குடத்தைக் கைநீட்டி வாங்கக்கூட இல்லை. பிறகு சொன்னாள்.

"வினிதாவுக்கு ஏழாம் மாசம்."

குடத்தை இறக்கி வைத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மகளோடு போனில் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியும். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் இறங்கி வர ஒரு மணி நேரம் ஆகிறது. நான்கு வருஷமாக என் வீட்டு மாடியில் அவ்வளவு துணி காய்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் இருபத்து மூன்று. நிற்கிறேன்.

தோத்தாத்ரியிடம்தான் முதலில் சொன்னேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். திருநீர்மலை அடிவாரத்தில் வீடு. மலைப்படி ஏறி இறங்கியே வளர்ந்த சிநேகம் எங்களுடையது.

"யோவ், உனக்கு எழுபத்தொண்ணு ஆறது. கட்சி இருக்கா, கொடி இருக்கா, கூட்டம் இருக்கா?"

"கோரிக்கை இருக்கு."

"அதான் பயமா இருக்கு" என்றான். இருந்தாலும் வருகிறேன் என்றான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பதிவுத் திருமணம் என்றால் இரண்டு பக்கத் தாய் தகப்பன் கையெழுத்தும் வேண்டும். இல்லாமல் பதியக் கூடாது. எல்லாக் கட்சி வாசலிலும் மனுவோடு நின்று பார்த்தேன். ஒருவர், "பெரியவரே, இதைச் சொன்னா சின்னப் பசங்க ஓட்டு மொத்தமும் போயிடும்" என்றார். இன்னொருவர் மனுவைப் பிரிக்காமலே எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பினார்.

ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன் நான். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு சட்டப் புத்தகம் வரைக்கும் யார் துணையும் இல்லாமல் வந்தேன். பீர்க்கன்கரணையில் ஏரிக்கோ பட்டாவுக்கோ தெருவிளக்குக்கோ மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வில்லங்கம் பார்க்க, நகல் வாங்க என்று வாரம் ஒருமுறையாவது பதிவாளர் அலுவலகப் படி ஏறுகிறவன். அந்த அலுவலகத்துப் பலகையில் ஒரு மாதம் முழுக்க என் பெண் பெயரும் அந்தப் பையன் மெர்வின் பெயரும் ஒட்டியிருந்தன. ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பு. எத்தனை முறை அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருப்பேன்? கல்யாண அறிவிப்பை யார் நின்று படிக்கிறார்கள்? ஊரார் மனுவை எல்லாம் படித்தவன் அதை மட்டும் படிக்கவில்லை.

வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பதுகூட இரண்டாவது. ஊருக்குச் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. அன்று அறுந்தது.

மார்ச் 16

வாணி சோறு போட்டாள். பேசவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று பேசினாள். கறிவேப்பிலை உருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? ஊருக்கெல்லாம் வழக்கம் வழக்கம்னு எழுதிக் குடுக்கறீங்க."

"முறையா கட்டிக் குடுத்த பொண்ணுக்குத்தான் அந்த முறை."

"வயித்துல இருக்கறதுக்கு அது தெரியுமா?"

மெர்வினின் தாயார் தபீதாள் சேலையூரில் இருக்கிறார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. "தாய் வீட்லேர்ந்து முறையா வந்து கூப்பிட்டா அனுப்பி வைக்கிறேன். கூப்பிடாம அனுப்பினா பொண்ணுக்குத்தான் மரியாதைக் குறைச்சல்" என்று அந்த அம்மா சொன்னாராம். அவருக்காவது முறை தெரிந்திருக்கிறது. எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

ஆனால் எப்படி அழைப்பது? தாய் தகப்பன் கையெழுத்து இல்லாத கல்யாணம் செல்லாது என்று மைக்கில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தக் கல்யாணம் கூடத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருக்கும். ஊர் சிரிக்காதா?

ஏப்ரல் 2, வியாழன்

சுயேச்சை என்றால் முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் இந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். தோத்தாத்ரி ஓட்டு பக்கத்துத் தொகுதியில். அவன் கையெழுத்து செல்லாது. நான் யார் யாருக்கோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் கல்யாணம், காய்ச்சல், வெளியூர். ஒன்பதோடு நின்றது.

சாயங்காலம் வாணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க போடணும்?"

காட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு போடாமல் நின்றாள்.

"எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் சேலையூர் போய்க் கூட்டிட்டு வரணும்."

"பார்க்கலாம்."

போட்டாள். நான் பார்க்கலாம் என்றால் இந்த வீட்டில் சரி என்று பொருள். நாற்பது வருஷமாக அப்படித்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குழந்தை மே முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஏப்ரல் இருபத்து நான்கு அழைத்துவந்தால் கொஞ்சம் நாள் இருக்கும். பின்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். தேர்தல் நோட்டீஸ் வைக்க என்று அடிக்கிறவனிடம் சொன்னேன். கட்டிலை எதற்கு ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்கிறீர்கள் என்றான். வேலையைப் பார் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சின்னம் ஒதுக்கினார்கள். கிணறு கேட்டேன், மேசை கேட்டேன், தென்னந்தோப்பு கேட்டேன். செருப்பு கிடைத்திருக்கிறது.

அலுவலகத்து வாசலில் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். தோத்தாத்ரி தோளைத் தட்டினான். "விசாரப்படாதே. ராமன் பாதுகை பதினாலு வருஷம் அயோத்திய ஆண்டது. எதுத்து எவனாவது டெபாசிட் வாங்கினானா?"

வீட்டில் சொன்னதும் வாணி சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எவ்வளவு காலம் ஆயிற்று!

ஏப்ரல் 13, திங்கள்

ஒரு ஆட்டோ, ஒரு மைக், நாங்கள் இருவர். பெருங்களத்தூர் டீக்கடையில் ஒருவன்: "பெருசு, ஓட்டு எந்தக் காலுக்கு? ரைட்டா, லெஃப்டா?" சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் நோட்டீஸைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "என் லவ்வுக்கே ஆப்பு வைக்கிறியே தாத்தா" என்றான். அவனிடம் கோபம் வரவில்லை.

இரும்புலியூரில் ஒரு மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "என் பொண்ணும் போயிட்டா சார். எங்கே இருக்கான்னே தெரியாது" என்றார். இந்த ஒருவருக்காக நின்றால்கூடப் போதும்.

முடிச்சூர் பக்கம் கல்லூரிப் பெண் ஒருத்தி நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அவங்க கையெழுத்து போடலன்னா நான் என்ன சார் பண்றது?"

"காத்திரும்மா. மனசு மாறும்."

"எங்கப்பா மனசு மாறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்." சிரித்தபடிதான் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா சார் என்று கேட்டு, கொண்டுவந்தும் கொடுத்தாள்.

ஏப்ரல் 18, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

சேலையூர். எந்தத் தெரு என்று தோத்தாத்ரிதான் ஆட்டோக்காரனுக்கு வழி சொன்னான். வாணி அவனிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. வேட்பாளர் வந்தால் பெண்கள் தட்டோடு வந்து ஆரத்தி எடுப்பது வழக்கம். கட்சிக்காரர்களுக்கு வரிசையில் நின்று எடுப்பார்கள். எனக்கு இதுவரை எங்கும் எடுக்கவில்லை.

தெருமுனை தாண்டியதும் ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மாள் தட்டோடு இறங்கினார். வெள்ளையில் நீலக்கரைப் புடவை, நெற்றி வெறுமை. தபீதாள். தட்டில் சிவப்புத் தண்ணீர், நடுவில் கற்பூரம். வாசற்படி இறங்கியதில் தண்ணீர் தளும்பிக் கற்பூரம் அணைந்துவிட்டது. இன்னொன்று ஏற்றினார். இடம் வலம் தெரியாமல் ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி. கேட்டுக்குப் பின்னால் வினிதா. பெரிய வயிறு. முகம் ஊதியிருக்கிறது. நான்கு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

எதிர் வீட்டு மாடியிலிருந்து எவனோ கத்தினான்: "சர்ச் டீச்சர் சூடம் காட்டுது பார்றா!" தெருவே சிரித்தது.

என்னை வைத்துக் கூத்து நடத்துகிறார்கள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? மைக் கையில் இருந்தது. சொன்னேன்:

"வழக்கம் தெரியாதவங்க வழக்கத்தைத் தொட வேணாம். என் பொண்ணை எடுத்துக்கிட்டது போதாதா? சாமித் தட்டையும் எடுக்கணுமா?"

தெரு அடங்கியது. அந்த அம்மாள் தட்டைத் தாழ்த்தி, தண்ணீரை என் காலடியில் ஊற்றினார். "உங்க வழக்கம்தானேன்னு செஞ்சேன் அண்ணா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மைக் அதையும் பிடித்துத் தெருவுக்கெல்லாம் சொன்னது.

வினிதா உள்ளே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தோத்தாத்ரி, "நீ அப்படிச் சொன்னப்புறமும் அந்த அம்மா தண்ணிய உன் காலடியிலதான்யா ஊத்தினா" என்றான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வாணி போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தாங்க சொல்லிக் குடுத்தேன். போன்ல. மஞ்சள் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவுன்னு. 'கற்பூரம் உங்க சபைக்கு ஆகாது, வேணாம்'னேன். 'அவர் மனசு குளிரணும், எல்லாத்தையும் முறையா செஞ்சிடறேன்'னு அவங்களே கடைக்குப் போய் வாங்கியிருக்காங்க. நாளைக்குச் சபையில அவங்களை நாலு பேர் கேப்பாங்க. தெரிஞ்சேதான் செஞ்சாங்க."

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?" — கத்திவிட்டேன். "எல்லாரும் எனக்குத் தெரியாமலே எல்லாம் செய்வீங்க, அப்புறம் என்னையே குத்தம் சொல்வீங்க! அவளும் அப்படி, நீயும் அப்படி!"

"சொன்னா அந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டீங்க."

அது உண்மை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "மறுநாள் கூட்டிட்டு வரலாம்னு இருந்தோமே" என்றேன். இருந்தோமே என்றுதான் சொன்னேன். இருக்கிறோமே என்று வரவில்லை.

"அவ இனிமே வர மாட்டா. தாய் வீடுன்னா தாய் இருக்கற வீடு. நான் அங்க இருக்கேன்."

ஏப்ரல் 20

பிரச்சாரத்துக்குப் போனேன். வீடியோ எல்லார் போனிலும் ஓடுகிறது. சிலர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 21

நான் சொன்னதில் தவறு எது? வழக்கத்தைத் தொடாதே என்றது தவறா? மைக்கில் சொன்னது தவறா? தோத்தாத்ரி, "ரெண்டும்" என்றான். அவனோடும் பேசவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

ஓட்டுப் போட்டாயிற்று. எங்கள் இருவர் பெயரும் ஒரே சாவடியில். பெண்கள் வரிசையில் வாணி நின்றிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தலையில் முந்தானை. நான் வெளியே மரத்தடியில் நின்றேன். வேட்பாளர் நிற்கலாமா என்று போலீஸ்காரர் கேட்டார். என் மனைவிக்காக நிற்கிறேன் என்றேன்.

வந்தாள். விரலில் மை.

"பிரஷர் மாத்திரை போடறீங்களா?"

"போடறேன்."

"பச்சை டப்பால இருக்கறது ராத்திரிக்கு."

யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றுதான் மறுநாள். சொன்ன சொல் சொல்தான். வெள்ளை வேட்டி கட்டினேன். பழம், பூ, வெற்றிலை எல்லாம் காலையிலேயே வாங்கிவந்தேன். கட்டி முடித்துத் தாம்பாளத்தில் அடுக்கிய பிறகுதான் உறைத்தது. பெண்ணைப் பிரசவத்துக்கு அழைக்க ஆண்பிள்ளை தனியாகப் போகிற வழக்கம் இல்லை. சுமங்கலி முன்னால் நடக்க வேண்டும். என் வீட்டுச் சுமங்கலி அந்த வீட்டில் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நான் வரேன் வா. ஆட்டோ கூப்டு" என்றார். அவர் கணவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நான் தாம்பாளத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஓ, முண்டச்சி வரக்கூடாதா? அப்போ உன் வழக்கத்தையே இஸ்துகினு போ ஜெயவேலு. அதுதான் தாலியோட கீது."

போகவில்லை. யாராவது ஒரு போன் செய்து வாருங்கள் என்று சொன்னால் போயிருப்பேன். சாயங்காலம் வரை வேட்டியை மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாழைப்பழத்தைத் தெருமாட்டுக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 29

வெற்றிலை வாடிவிட்டது.

மே 4, திங்கள்

வாக்கு எண்ணிக்கை. டெபாசிட் போயிற்று. யாருக்கும் இல்லை என்ற நோட்டா பொத்தானுக்கு விழுந்ததில் பாதிகூட எனக்கு விழவில்லை. இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. தானாகவே சமாதானமாகி வந்திருந்த தோத்தாத்ரி, "வா, போய் ஒரு காபியாவது குடிக்கலாம்" என்றான். நான் எழவில்லை. போட்டியில் நின்றவன் கடைசிச் சுற்று வரை இருக்க வேண்டும். அது ஓட்டுப் போட்டவர்களுக்குச் செய்கிற மரியாதை. மற்ற சுயேச்சைகள் எல்லாம் மத்தியானமே போய்விட்டார்கள்.

உள்ளே போன் கொண்டுபோக விடுவதில்லை. வெளியே வந்து வாங்கிப் பார்த்தால் வாணியிடமிருந்து வரிசையாக அழைப்பு. காலையிலிருந்து. திருப்பி அடித்தேன். மெர்வின் எடுத்தான்.

"பொண்ணு பொறந்திருக்கா அங்கிள். மதியமே. கொஞ்சம் கஷ்டமாயிடுச்சு, ஆபரேஷன் பண்ணிட்டாங்க. இப்போ ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆன்ட்டி உங்களுக்குத்தான் டிரை பண்ணிட்டே இருந்தாங்க."

"நல்லது" என்றேன். ரோட்டோரத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள், ஜெயித்தவர்கள். அந்தப் பையன் எதையோ சொன்னான், காதில் விழவில்லை.

மே 5, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை. போனேன்.

தபீதாள் அம்மாள் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். "உக்காருங்க அண்ணா." முகத்தில் எதுவும் இல்லை. நான் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாணி குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். மடியில் தரவில்லை; நானும் கேட்கவில்லை. கண் மூடியிருந்தது. காது என் அம்மா காது மாதிரி, ஓரம் மடிந்து.

வினிதா விழித்துத்தான் இருந்தாள். உதடு வறண்டிருந்தது.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னிக்கு உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா, கையெழுத்து போட்டிருப்பீங்களா?"

வாணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வார்த்தை. அந்த அறையில் எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஆனால் இல்லாததை எப்படிச் சொல்வது? பெற்ற பெண்ணிடம், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளிடம் பொய்யா?

"மாட்டேன்" என்றேன்.

தலையை அசைத்தாள். கோபம் இல்லை. பாரம் இறக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள்.

"அப்போ நான் செஞ்சது சரிதான்ப்பா."

கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 6

மாட்டேன்தான். பத்து முறை கேட்டாலும் மாட்டேன்தான். ஆனால் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன், அவள் எதிரே நின்று அழுதிருப்பாள். நான் அவளைப் பார்த்திருப்பேன். அதைக்கூடக் கொடுக்கவில்லை எனக்கு. இதை அங்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

மே 24, ஞாயிறு

தோத்தாத்ரி வந்தான். வாணியிடம் பேசினானாம். மூன்று மாதம் கழித்து வினிதா வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையை வாணிதான் பார்த்துக்கொள்ளப் போகிறாள். "உன்னையும் அங்க வந்து இருக்கச் சொல்றா. மாடியில ரூம் காலியாத்தான் இருக்காம். அந்த டீச்சரம்மாவே சொல்லிட்டாளாம்."

"பொண்ணு குடுத்த வீட்ல போய் உக்கார்ற வழக்கம் இல்லை."

"நீ எங்கேய்யா குடுத்தே?" என்றான். சிரிக்கவில்லை அவன்.

ஜூன் 7

மோட்டார் நன்றாக ஓடுகிறது.

ஜூன் 28, ஞாயிறு

வாக்காளர் பட்டியல் வேலையாகப் புஷ்பம் வந்தாள். எங்கள் தெரு அங்கன்வாடியில் இருக்கிற பெண். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, உட்காராமல் நின்றே பேசினாள்.

"கோகிலவாணி அம்மா சேலையூர் விலாசத்துக்குப் பேரை மாத்தக் கேட்டிருக்காங்க ஐயா. அங்க பாத்துட்டாங்க. இங்கயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "அவங்க இப்போ இந்த வீட்ல இல்லைதானே?"

விதிப்படி அவள் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் நிறுத்திவைக்கலாம். எப்படி எழுத வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"இல்லை" என்றேன்.

"அப்போ இங்கேர்ந்து எடுத்துடலாமா?"

"எடுத்துடும்மா."

"இந்த வீட்ல மொத்தம் எத்தனை ஓட்டு ஐயா?"

"ஒண்ணு."

எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த பிறகும் போகவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டு, உள்ளே போய், எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.